கேள்வி நேரம்: ஊரே திட்டும் சூப்பர் ஹீரோ

(2008-ல் வந்த 'ஹான்காக்' படத்தைப் பற்றியும், அந்த மாதிரி நாயகனை எழுதுவது, எடுப்பது பற்றியும் வந்த கேள்விகளில் சில. படத்தைப் பார்க்காதவர்களுக்கு: லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பறக்கவும், எதையும் தூக்கவும் தெரிந்த ஒருவன். எந்நேரமும் குடி. ஒருவரைக் காப்பாற்ற நான்கு கட்டடங்களை உடைப்பான். நகரம் அவனை வெறுக்கிறது. ஒரு விளம்பர ஆலோசகர் அவன் பெயரைச் சீர்படுத்தக் கிளம்புகிறார். பாதிக்கு மேல் வரும் திருப்பத்தைக் கீழே சில பதில்கள் சொல்லிவிடும்.)

கே: 'ஹான்காக்' எந்த காமிக்ஸைத் தழுவியது?

ப: எதையும் தழுவியதல்ல. வின்சென்ட் நோ என்பவர் 1996-ல் எழுதிய திரைக்கதை. பல இயக்குநர்கள் கைமாறி, பல முறை திருத்தி எழுதப்பட்டு, கடைசியில் பீட்டர் பெர்க் இயக்கினார். திருத்தி எழுதியவர்களில் வின்ஸ் கில்லிகனும் ஒருவர். 'பிரேக்கிங் பேட்' தொடரை உருவாக்கியவர். அந்தத் தொடரும் இந்தப் படமும் ஒரே வருடத்தில் வெளிவந்தன.

கே: நாயகனை ஊரே வெறுக்கிறது. ஆனால் படம் பார்க்கும் நமக்கு அவனைப் பிடித்துவிடுகிறது. இது வில் ஸ்மித்தின் முகராசியா, எழுத்தின் சாமர்த்தியமா?

ப: முகராசிக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எழுத்தில் செய்த வேலைதான் அதிகம்.

முதல் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் துப்பாக்கியோடு ஒரு கும்பல் காரில் பறக்கிறது, போலீஸ் துரத்துகிறது. நம்ம ஆள் பஸ் நிறுத்தப் பெஞ்சில் கம்பளிக் குல்லாயோடு குறட்டை விடுகிறான். ஒரு சிறுவன் வந்து தட்டி எழுப்பி விஷயத்தைச் சொல்லிவிட்டு, போகிற போக்கில் திட்டியும் விடுகிறான். ஹான்காக் பாட்டிலோடு கிளம்புகிறான், தள்ளாடிப் பறக்கிறான், சாலைப் பெயர்ப் பலகையை உடைத்துக்கொண்டு போகிறான். கடைசியில் கும்பலைக் காரோடு தூக்கி, கேபிடல் ரெக்கார்ட்ஸ் கட்டட உச்சியில் இருக்கும் ஊசிக் கம்பத்தில் செருகிவிட்டுப் போய்விடுகிறான்.

இதில் கவனிக்க வேண்டியவை சில. அவன் திறமையில் நமக்குச் சந்தேகமே வரவில்லை; குற்றவாளிகள் பிடிபட்டார்கள். சேதம் எல்லாம் சுவருக்கும் சாலைக்கும் காருக்கும்தான். வழியில் போன அப்பாவி ஒருவர் ரத்தம் சிந்துவதைக் கேமரா காட்டவில்லை. ஒரே ஒருவரைக் காட்டியிருந்தாலும் நம் சிரிப்பு அங்கேயே நின்றிருக்கும். அடுத்தது, வெறுப்புக்குக் காரணம் திரையிலேயே இருக்கிறது. 'இவன் கெட்டவன்' என்று நாலு பேர் பேசித் தெரிவிக்கவில்லை, உடைந்த பலகையைக் காட்டுகிறார்கள். நாயகன் வெறுக்கப்படுகிறான் என்று வசனத்தில் மட்டும் வைக்கும் படங்கள் பலவும் விழுவது இந்த இடத்தில்தான். ஊருக்கு அவன் மேல் என்ன கோபம் என்று கேட்டால் அந்தப் படங்களில் பதில் இருக்காது.

இன்னொன்று, அவனுக்கே இது தெரியும். ஆலோசகர் ரே, அவனுடைய அட்டகாசங்களை யூடியூபில் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டும்போது அவன் முகம் சுருங்குவதைப் பாருங்கள். கரையொதுங்கிய திமிங்கிலத்தை வாலைப் பிடித்துச் சுழற்றிக் கடலில் வீசுகிறான். அது போய் ஒரு பாய்மரப் படகின் மேல் விழுகிறது. எண்ணம் நல்லது, எறிந்த விதம்தான் கோளாறு. இந்தப் பாத்திரத்தின் ஜாதகமே அந்த ஒரு காட்சியில் இருக்கிறது.

கே: ரயிலை நேருக்கு நேர் நின்று தடுக்கிறானே, அத்தனை பலம் இருந்தால் நிஜத்தில் ரயில் அப்படி நிற்குமா?

ப: நிற்கும். ஆனால் படத்தில் காட்டியபடி நாசமாகித்தான் நிற்கும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

3,000 டன் சரக்கு ரயில், மணிக்கு 50 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் சுமார் 29 கோடி ஜூல். அதைப் 10 மீட்டருக்குள் நிறுத்த வேண்டுமானால் சராசரியாக 2.9 கோடி நியூட்டன் விசை தேவை. ஏறக்குறைய அந்த ரயிலின் முழு எடையையும் குறுக்குவாட்டில் தாங்குவதற்குச் சமம். அவன் உடம்பு தாங்கும், சரி. காலுக்குக் கீழே இருக்கும் தரை? இரண்டு பாதங்களும் சேர்ந்து 500 சதுர செ.மீ. என்றால், தரையில் விழும் அழுத்தம் 580 மெகாபாஸ்கல் அளவுக்குப் போகும். சாதாரண கான்கிரீட் தாங்குவது 30 மெகாபாஸ்கல். தண்டவாளத்தில் கான்கிரீட்கூட இல்லை, சரளைக்கல்தான். ஆகவே மண்ணை உழுதுகொண்டே பின்னால் போவான். அல்லது பறக்கும் சக்தியை எதிர்த்திசையில் செலுத்தி நிற்க வேண்டும்.

அவன் அசையாமல் நின்றுவிட்டால் கதை இன்னும் மோசம். நிற்பது என்ஜினின் மூக்கு மட்டும்தான். பின்னால் வரும் பெட்டிகளுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. ஒவ்வொன்றும் முன்னால் இருப்பதை இடித்து, மடங்கி, தடம் விட்டு வெளியே தள்ளப்படும். படத்திலும் அதுதான் நடக்கிறது. அந்தக் காட்சியை 'லாஜிக் இல்லை' என்று ஒதுக்குபவர்கள், லாஜிக் சரியாக இருக்கும் இடத்தைக் குறை சொல்கிறார்கள்.

தவறு அவன் முடிவில்தான். ரே மாட்டிக்கொண்ட கார் ஒன்றரை, இரண்டு டன். அதைத் தூக்கிக்கொண்டு நேராக மேலே போயிருந்தால் ரயில் பாட்டுக்குப் போயிருக்கும். இவனோ காரைப் புரட்டி வீசி, அது இன்னொரு காரின் மேல் விழுந்து, பிறகு ரயிலையும் நொறுக்கினான். கூடிய கூட்டத்தில் ஒருவர் 'காரோடு மேலே பறந்திருக்கலாமே' என்று கேட்கிறார். சரியான கேள்வி. அதற்கு அவனிடம் இருப்பது வசவு மட்டும்தான்.

கே: மாடியிலிருந்து விழுபவரைக் கடைசி நொடியில் கையில் ஏந்துகிறார்களே, உயிர் பிழைக்குமா?

ப: 100 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் (காற்றுத் தடையை விட்டுவிட்டால்) வேகம் மணிக்கு 159 கி.மீ. அரை மீட்டருக்குள் ஏந்தி நிறுத்தினால் உடல் மேல் 200 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல் 200 மடங்கு. தரையில் விழுவதற்கும் அந்தக் கைகளில் விழுவதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 5 ஜி-க்குள் நிறுத்த வேண்டுமானால் 20 மீட்டர் தூரம் வேண்டும். அதாவது நாயகன் முதலில் கூடவே அதே வேகத்தில் விழுந்து, பிடித்து, பிறகு மெல்ல வேகத்தைக் குறைக்க வேண்டும். கதை எழுதுபவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். அவசரக்கார நாயகன் அரை மீட்டரில் பிடிப்பான். பக்குவப்பட்டவன் 20 மீட்டர் எடுத்துக்கொள்வான். வசனமே இல்லாமல் மாற்றம் தெரிந்துவிடும்.

கே: குடித்துவிட்டுப் பறக்கும் காட்சிகளை எப்படி எடுக்கிறார்கள்? ரோப் கட்டியா, முழுக்க சிஜியா (கணினி வரைகலை)?

ப: பொதுவாக இரண்டும் கலந்துதான். முகம் தெரியும் நெருக்கமான ஷாட்டுகளுக்கு நடிகரை ஹார்னஸ் (உடலில் கட்டும் வார்ப்பட்டை) மாட்டித் தொங்கவிடுவார்கள். இடுப்பின் இரண்டு பக்கமும், உடலின் எடை மையத்தை ஒட்டி ரோப் இணைக்கப்படும். அது எடை மையத்திலேயே இருந்தால் ஆள் கரணம் அடிக்கலாம், கவிழலாம். மேலே தோள்பட்டைக்கு ஏற்றினால் ஆடாமல் நிற்கலாம், ஆனால் தொங்கவிட்ட சட்டை மாதிரி தெரியும். வயிற்றுத் தசையில் பலமில்லாத நடிகருக்கு இடுப்பு ரோப் வேலைக்காகாது; இரண்டாவது டேக்கிலேயே கால் தொங்கிவிடும். பின்னால் கிரீன் மேட், முகத்தில் காற்றடிக்க மின்விசிறி, பிறகு கணினியில் ரோப்பை அழிப்பது. இது வழக்கமான முறை.

தூர ஷாட்டுகளுக்கு டிஜிட்டல் டூப். நடிகரின் முகத்தையும் உடலையும் பல திசை வெளிச்சத்தில் பதிவு செய்து செய்த கணினி உருவம். நடிகரிலிருந்து டூப்புக்கு மாறும் இடத்தை மறைப்பதுதான் கலை. தூசு கிளம்பும் கணம், கம்பத்துக்குப் பின்னால் ஆள் மறையும் கணம், கேமரா சடாரென்று திரும்பும் கணம், இந்த மூன்றில் ஒன்றில் மாற்றுவார்கள். தெரிந்துகொண்டு பார்த்தால் பல படங்களில் அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

சிஜி பறத்தல் பொய்யாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் வேகக் கணக்கு தப்பியதுதான் காரணம். மணிக்கு 300 கி.மீ. என்றால், நொடிக்கு 24 ஃபிரேமில் ஓடும் படத்தில் ஒரு ஃபிரேமுக்கு மூன்றரை மீட்டர் நகர வேண்டும். வழக்கமான 180 டிகிரி ஷட்டருக்கு (ஒரு ஃபிரேம் நேரத்தில் பாதி மட்டும் திறந்திருப்பது) அதில் பாதி, 1.7 மீட்டர், மங்கலாகத் தெரிய வேண்டும். அது ஓர் ஆளின் உயரம்! ஆக, அசையாத கேமராவுக்குக் குறுக்கே அந்த வேகத்தில் ஒருவன் போனால் முகம் தெரியவே கூடாது. முகம் தெரிய வேண்டுமே என்று மங்கலைக் குறைத்தால், காகித பொம்மையை ஒட்டி இழுத்த மாதிரி ஆகிவிடும். கேமராவும் கூடவே பறக்க வேண்டும், மங்கல் பின்னணிக்குப் போக வேண்டும்.

குடிகாரப் பறத்தலுக்கு இன்னும் ஒன்று தேவை. வழக்கமான நாயகன் கை நீட்டி, உடல் நேராக, வளைவே இல்லாத பாதையில் போவான். இவனுக்குத் திருத்தம் எப்போதும் தாமதமாக வர வேண்டும். முதலில் பாதை விலகும், பிறகு தலை திரும்பும், அதற்கும் பிறகு உடல் திரும்பும், திரும்பியது தேவைக்கு அதிகமாகப் போகும். கை கால் தளர்வாக இருக்கும், பாட்டில் பிடித்த கை மட்டும் கவனமாக இருக்கும். நடந்துபோகும் குடிகாரனிடம் பார்ப்பதும் இதே வரிசைதான்.

பீட்டர் பெர்க் படங்களில் கேமரா பெரும்பாலும் தோளில் இருக்கும், ஆடிக்கொண்டே இருக்கும். செய்திப் படம் போன்ற அந்த ஆட்டம் இந்தக் கதைக்குப் பொருந்துகிறது. ஆனால் சிஜி செய்பவர்களுக்குத் தலைவலி: கேமராவின் ஒவ்வொரு நடுக்கத்தையும் கணினியில் அப்படியே திரும்பச் செய்தால்தான் டிஜிட்டல் உருவம் தரையில் ஒட்டி நிற்கும். இரண்டு பிக்ஸல் தப்பினாலும் கால் வழுக்கும்.

கே: இடைவேளைக்குப் பிறகு வேறு படம் பார்த்த மாதிரி இருந்தது. எனக்கு மட்டும்தானா?

ப: உங்களுக்கு மட்டுமல்ல; விமர்சகர்கள் பலருடைய புகாரும் அதுவே.

முதல் பாதியின் கேள்வி தெளிவானது: இவன் திருந்துவானா? ரே கொடுக்கும் வைத்தியமும் தெளிவானது. மன்னிப்புக் கேள், தானாகச் சிறைக்குப் போ, நகரம் உன்னைத் தேடும்வரை காத்திரு, அழைத்தால் மட்டும் வா, தரை உடையாமல் இறங்கு, எதிரே நிற்கும் போலீஸ்காரரிடம் 'குட் ஜாப்' சொல். எல்லாமே செய்து காட்டக்கூடிய காரியங்கள். அதனால்தான் வங்கிக் கொள்ளைக் காட்சி அவ்வளவு நன்றாக வந்திருக்கிறது. குண்டு மழைக்கு நடுவே அடிபட்டுக் கிடக்கும் பெண் போலீஸிடம், 'உங்களைத் தொடலாமா?' என்று அனுமதி கேட்கிறான். கேட்கத் தெரியாமல் கேட்கிறான், அளவுக்கு மேல் விளக்கம் வேறு சொல்கிறான். வீட்டுப்பாடத்தை ஒப்பிக்கும் பையனின் சங்கடம். சிரிப்பும் வருகிறது, மாறிவிட்டான் என்றும் தெரிகிறது.

அதோடு முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. படமோ இன்னும் மீதி இருக்கிறது. அங்கே புதுக் கேள்வியைத் தொடங்குகிறார்கள்: இவன் யார்? ரேயின் மனைவி மேரியும் அவனைப் போலவே சக்தி உள்ளவள், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அவனுடைய துணை, இருவரும் அருகருகே இருந்தால் சக்தி போய் மனிதர்களாகிவிடுவார்கள் என்கிறார்கள். யோசனை மோசமில்லை. நேசித்தால் சாவு, பிரிந்தால் அமரத்துவம் என்பது கனமான விதி. ஆனால் அந்த விதி வசனமாக, தாமதமாக வருகிறது. மேரியின் பதற்றத்தை முதல் விருந்திலேயே விதைத்திருக்கிறார்கள்; அவள் அவனைப் பார்க்கும் பார்வை இரண்டாம் முறை பார்க்கும்போது புரியும். சக்தி குறைவதை மட்டும் விதைக்கவில்லை. அவள் வீட்டில் சாப்பிடும்போது அவன் கையில் ஒரு சின்னக் கீறல் விழுந்து, அவன் அதை வியந்து பார்த்திருந்தால் போதும்.

இதனால் இன்னொரு நஷ்டமும் உண்டு. அவன் ஏன் குடித்தான் என்பதற்குப் புராண விளக்கம் கிடைத்துவிட்டதும், அவன் குறை அவனுடையதாக இல்லாமல் விதியுடையதாகிவிடுகிறது. வில்லன் ரெட் பார்க்கரும் வங்கிக் கொள்ளையில் ஹான்காக்கிடம் கையை இழந்த கோபத்தோடு வரும் சாதாரணக் கொள்ளைக்காரன்தான். அத்தனை பெரிய கிளைமாக்ஸுக்கு அவன் பத்தவில்லை.

கே: அப்படியானால் படம் தோல்வியா?

ப: வசூலில் இல்லை. பட்ஜெட் சுமார் 15 கோடி டாலர், உலக வசூல் 62 கோடி டாலருக்கு மேல். 'அயர்ன் மேன்', 'தி டார்க் நைட்' வந்த அதே கோடையில், காமிக்ஸ் பின்பலம் இல்லாமல். இரண்டாம் பாகம் பற்றிப் பல ஆண்டுகள் பேச்சு ஓடியது, படம் வரவில்லை.

கே: குழந்தைகளோடு பார்க்கலாமா?

ப: அமெரிக்காவில் பிஜி-13 சான்றிதழ் (13 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோர் கவனம் தேவை). முதலில் இரண்டு முறை அதைவிடக் கடுமையான 'ஆர்' கிடைத்து, வெட்டித் திருத்திய பிறகு கிடைத்தது அது. வசவுகள் நிறைய உண்டு, சிறைச்சாலையில் ஒரு விரசமான நகைச்சுவையும் உண்டு. சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம். திரையரங்கப் பதிப்பு 92 நிமிடம். டிஸ்க்கில் 102 நிமிடப் பதிப்பு ஒன்று இருக்கிறது. அதில் ரசிகை ஒருத்தி ஹான்காக் தங்கியிருக்கும் டிரெய்லர் வண்டி வீட்டுக்கு வரும் காட்சி சேர்ந்திருக்கிறது, அது பெரியவர்களுக்கு மட்டும்.

கே: ரே தன் இலவச மருந்துத் திட்டத்தைச் சொல்லும் கூட்டத்தில் இயக்குநர் மைக்கேல் மானைப் பார்த்த மாதிரி இருந்தது...

ப: அவரேதான். படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவர். இன்னொரு தயாரிப்பாளர் அகிவா கோல்ட்ஸ்மனும் அதே மேஜையில் உட்கார்ந்திருக்கிறார்.

கே: எங்கள் குறும்படத்தில் நாயகன் வானத்திலிருந்து வந்து இறங்க வேண்டும். ரோப்புக்கும் சிஜிக்கும் வசதியில்லை. வழி உண்டா?

ப: உண்டு. கேமராவை டிரைபாடில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வையுங்கள். ஃபிரேமுக்கு வெளியே ஒரு பக்கமாக, கண்ணுக்குத் தெரியாதபடி 40, 50 செ.மீ. உயர முக்காலியில் நடிகர் நிற்கட்டும். ஃபிரேமின் மேல் விளிம்பு அவர் பாதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அவர் குதிப்பார், முழங்கால் மடக்கி இறங்குவார். பேண்ட்டுக்குள் முழங்கால் கவசம் கட்டாயம். ஒற்றை முழங்காலைத் தரையில் குத்தி இறங்கும் போஸ் பார்க்க அழகு, மூட்டுக்குக் கேடு. கால் ஊன்றிய பிறகு முழங்காலை இறக்கச் சொல்லுங்கள், ஒன்றும் குறையாது.

இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கைப்பிடி முல்தானி மிட்டியோடு இருவர், கால் தரை தொடும் கணத்தில் தாழ்வாக வீச வேண்டும். மாவு வேண்டவே வேண்டாம். காற்றில் பரவிய மாவு சூடான விளக்கருகே தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். வீசுபவர்களுக்கு முகமூடி, கண்ணாடி கொடுங்கள்.

48 ஃபிரேமில் எடுத்து 24-ல் ஓட்டினால் தூசு மெதுவாக எழும்பும், இறங்கியவருக்கு எடை கூடிவிடும். விழும் பகுதி மட்டும் இயல்பான வேகத்தில் இருக்கட்டும், தரை தொட்டதும் மெதுவாக்குங்கள். எடிட்டில் ஆட்டம் சேருங்கள்: முதல் ஃபிரேமில் 12 பிக்ஸல், பிறகு 8, 5, 2 என்று எட்டு ஃபிரேமுக்குள் அடங்கட்டும். அதற்கு மேல் ஆட்டினால் நிலநடுக்கம். ஒலியில் அடிவயிற்றில் இடிக்கும் தாழ்ந்த சத்தம் ஒன்று, அரை நொடி கழித்துச் சிறு கற்கள் உருளும் சத்தம். இந்த இரண்டாவது சத்தத்தைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். தரை உடைந்ததாகக் காது நம்புவதே அதில்தான்.

கிளம்பும் காட்சிக்குக் கேமராவை அசைக்காமல் இரண்டு ஷாட். ஒன்றில் அவர் குந்தி எழும்பிக் குதிப்பார், இன்னொன்று காலி இடம். குதிப்பின் உச்சத்தில் காலி ஷாட்டுக்கு வெட்டுங்கள், முதல் ஷாட்டின் தூசை மட்டும் மேலே ஒட்டுங்கள். எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் இரண்டையும் ஆட்டோவில் விடாமல் பூட்டிவிடுங்கள். ஆள் மறைந்ததும் கேமரா தானாக வெளிச்சத்தை மாற்றினால் வெட்டு பளிச்சென்று தெரியும். மேகம் ஓடும் நேரத்தில் இதை எடுக்க வேண்டாம்.

கே: நாயகன் பாட்டிலைச் சுவரில் அடித்து உடைக்க வேண்டும். சர்க்கரையில் பாட்டில் செய்யலாம் என்கிறார்களே?

ப: செய்யலாம். மூன்றரை கப் சர்க்கரை, இரண்டு கப் தண்ணீர், ஒரு கப் லிக்விட் குளுக்கோஸ், கால் டீஸ்பூன் கிரீம் ஆஃப் டார்ட்டர். அடி கனமான பாத்திரத்தில், மிதமான தீயில், தெர்மாமீட்டர் வைத்து 150 டிகிரி செல்சியஸ் வரை. ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அவசரப்பட்டு 145-ல் இறக்கினால் மிட்டாய் மாதிரி வளையும், உடையாது. 160 தாண்டினால் பழுப்பேறும். விஸ்கி பாட்டில் என்றால் அது வசதிதான்.

இரண்டு துண்டாகப் பிரியும் சிலிக்கான் அச்சில் ஊற்றி, சுவர் முழுக்கப் படியும்படி உருட்டி, மீதியைக் கவிழ்த்துவிடுங்கள். பாகு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், முழுக்கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அன்றே பயன்படுத்திவிட வேண்டும். ஈரக்காற்றில் சில மணி நேரத்தில் பிசுபிசுக்கும், மங்கும். விளக்குச் சூட்டில் வளையும். ஷாட் வரும்வரை காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். உள்ளே தண்ணீர் ஊற்றினால் கரைந்து ஒழுகும், காலி பாட்டிலாகவே காட்சியை அமையுங்கள்.

சர்க்கரைதானே என்று நடிகர் தலையில் அடிக்க வேண்டாம். உடைந்த விளிம்பு தோலைக் கீறும், கண்ணில் தெறித்தால் ஆபத்து. சுவரில் அடிக்கும்போதும் முகம் மறுபக்கம் திரும்பியிருக்கட்டும். அச்சில் குறைந்தது ஐந்து பாட்டில் வார்த்துக்கொள்ளுங்கள். எடுக்கும்போதே ஒன்றிரண்டு உடையும், ஒத்திகைக்கு ஒன்று போகும்.